பாதிக்கு மேல் ஒன்று போதுமா, மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமா?

1970 செப்டம்பர் 5ஆம் தேதி மாநிலங்களவையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சமஸ்தானங்களை ஆண்ட அரச குடும்பங்களுக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் கொடுத்துவந்த மன்னர் மானியத்தை நிறுத்துவதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா அது. மக்களவையில் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. மாநிலங்களவையில் ஆதரவாக 149 பேரும் எதிராக 75 பேரும் வாக்களித்தார்கள். ஆதரித்தவர்கள் எதிர்த்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் மசோதா தோற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்களித்தவர்கள் மொத்தம் 224 பேர். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு 149.33. கிடைத்ததோ 149. ஒரு முழு வாக்குகூட அல்ல, ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. இன்னும் ஒருவர் ஆதரித்திருந்தால் 225க்கு 150 என்று சரியாகப் பொருந்தியிருக்கும். எதிர்த்த 75 பேரில் ஒருவர் அந்த நேரம் அவைக்கு வெளியே இருந்திருந்தாலும் மசோதா பிழைத்திருக்கும். ஏனென்றால் 223இல் மூன்றில் இரண்டு பங்கு 148.67தான்.

சர்ச்சைக்குரிய ஒரு சட்டம் நிறைவேறும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: நாட்டின் தலையெழுத்தை மாற்றும் முடிவுகளைப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு வைத்துக்கொண்டு எடுக்கலாமா? எல்லாப் பெரிய முடிவுக்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்துவிட்டால் என்ன? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில முடிவுகளுக்குக் கட்டாயம் வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கூடவே கூடாது. எது எந்தப் பக்கம் என்று பிரிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்குள் போகுமுன், வாக்குகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வாக்குகளை எண்ணும் விதம்

சாதாரணப் பெரும்பான்மை என்பது அவைக்கு வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அல்ல. மக்களவையில் 543 இடங்கள். அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 55 பேர் இருந்தால் போதும். ஆகவே, விதிப்படி பார்த்தால் 55 பேர் வந்த ஒரு மதியத்தில் 28 பேர் கை தூக்கினால் 140 கோடிப் பேரைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் மக்களவையில் நிறைவேறிவிடும். சாதாரணச் சட்டங்கள், பட்ஜெட், ஆட்சி நீடிப்பதும் கவிழ்வதும் எல்லாம் இந்த வகைதான். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததும் இந்த விதியின்படியே.

பல மசோதாக்களுக்கு வாக்குகளை எண்ணுவதுகூட இல்லை. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று அவைத்தலைவர் கேட்பார். எந்தப் பக்கத்துக் குரல் ஓங்கி ஒலித்தது என்று அவரே சொல்லிவிடுவார். இதுதான் குரல் வாக்கெடுப்பு.

அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இது செல்லாது. 368ஆவது பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. ஒன்று, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரிக்க வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் அது 272. இரண்டு, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஆதரவு வேண்டும். 450 பேர் வாக்களித்தால் 300 வேண்டும். 400 பேர் மட்டுமே வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு 267 போதும், ஆனால் முதல் நிபந்தனை இருப்பதால் 272 இல்லாமல் நடக்காது. இரண்டு அவைகளிலும் தனித்தனியாக இப்படித் தேற வேண்டும். மணி அடிப்பார்கள். லாபியில் நிற்பவர்கள் உள்ளே வந்ததும் கதவுகளை அடைப்பார்கள். அவரவர் இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு, மஞ்சள் என்றால் எந்தப் பக்கமும் இல்லை. மசோதாவின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் இதே சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

அந்த மஞ்சள் பொத்தானைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். 1993 மே 11 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. நீதிபதியை நீக்கவும் இதே இரட்டை நிபந்தனைதான். ஆதரவாக 196 வாக்குகள் விழுந்தன. எதிராக ஒன்றுகூட இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் 205 பேர் அவையில் இருந்தபடியே வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு நூறு பேர் ஆதரித்தும் தீர்மானம் தோற்றது. மொத்த உறுப்பினர்களில் பாதியைத் தொடவில்லையே. எதிர்க்கிறேன் என்று வாய்திறந்து சொல்லாமலே ஒரு தீர்மானத்தைத் தோற்கடிக்கலாம் என்பதை அன்று நாடு பார்த்தது.

கூட்டாட்சியைத் தொடும் திருத்தங்களுக்கு மூன்றாவது நிபந்தனையும் உண்டு: மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவை ஒப்புதல் தர வேண்டும்.

இலங்கையில் எண்ணும் முறை வேறு. அங்கே மூன்றில் இரண்டு பங்கு என்பது அவைக்கு வராதவர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில். 225 உறுப்பினர்கள் என்றால் 150 கைகள் உயர்ந்தே ஆக வேண்டும். இந்தியாவில் எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தால் மூன்றில் இரண்டு பங்கு என்ற இலக்கு இறங்கிவிடுகிறது. இலங்கையில் இறங்காது. காகிதத்தில் பார்த்தால் இலங்கையின் விதிதான் கடுமையானது.

எதற்கு எது வேண்டும்

இப்போது ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்தது. அதை ஒழிக்க எம்.ஜி.ஆர். அரசு 1986இல் முடிவு செய்தபோது, 169ஆவது பிரிவின்படி சட்டமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற வேண்டியிருந்தது. மே மாதம் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போனது. அதாவது தமிழ்நாட்டின் ஓர் அவையை எடுப்பதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை.

ஆனால் தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரிப்பதற்கு? நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 3ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குடியரசுத் தலைவர் மசோதாவை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். கருத்துதான், சம்மதம் அல்ல. 4ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போய், இப்படிச் செய்யும் சட்டத்தை அரசியல் சட்டத் திருத்தமாகவே கருதக் கூடாது என்கிறது. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறியது இதே வழியில்தான். ஒரு மாநிலம் விரும்பிக் கேட்டதை நாடாளுமன்றம் செய்துகொடுத்த நல்ல நிகழ்வு அது. ஆனால் அதே பிரிவு மாநிலம் விரும்பாததையும் செய்யும். 2014 ஜனவரி இறுதியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. மூன்று வாரம் ஆகுமுன் மக்களவை அதைக் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றியது, தொலைக்காட்சி நேரலையை நிறுத்திவைத்துவிட்டு. தெலங்கானா மக்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மாநிலம் பிரியும் நாளில், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பதிவுகூட இல்லாமல் ஒரு முடிவு எடுக்கப்படுவது எந்த நியாயத்திலும் சேராது.

2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக ஆக்கப்பட்டதும் இந்த 3ஆவது பிரிவைக் கொண்டுதான். அப்போது மாநிலத்தில் சட்டமன்றமே இயங்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. கருத்துச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

மூன்றில் இரண்டு ஏன் வேண்டும்

மன்னர் மானியத்துக்குத் திரும்புவோம். மாநிலங்களவையில் தோற்ற மறுநாளே இந்திரா காந்தி அரசு குறுக்குவழியில் போனது. குடியரசுத் தலைவர் உத்தரவின் மூலம் மன்னர்களின் அங்கீகாரமே ரத்து செய்யப்பட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. அந்த மாத இறுதியில் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 மார்ச் தேர்தலில் காங்கிரஸ் 518 இடங்களில் 352 இடங்களை வென்று திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் 26ஆவது திருத்தமாக மன்னர் மானியம் ஒழிந்தது.

ஆக, மூன்றில் இரண்டு என்ற விதி மானியத்தைக் காப்பாற்றிவிடவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில் நீதிமன்றம் பேசியது, பிறகு மக்கள் பேசினார்கள். சிறப்புப் பெரும்பான்மையின் முதன்மையான பயன் இதுதான். அது எந்த முடிவையும் தடுத்து நிறுத்துவதற்கு அல்ல. ஆளும் கட்சி தன் கையிலுள்ள ஓட்டுகளோடு நின்றுவிடாமல் வெளியே போய் ஆதரவு தேடவேண்டிய கட்டாயத்தை உண்டாக்குவதற்கு.

இரண்டாவது பயன், ஆட்டத்தின் விதிகளை ஆடுபவர்களில் ஒரு தரப்பு மட்டும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது. நெருக்கடி நிலைக் காலத்தில் இது உடைந்த விதத்தைப் பாருங்கள். 1976 நவம்பர் 2 அன்று மக்களவை 42ஆவது திருத்தத்தை 366க்கு 4 என்ற கணக்கில் நிறைவேற்றியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். அந்தத் திருத்தம் மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக நீட்டியது. எண்ணிக்கைப்படி மூன்றில் இரண்டு பங்கு என்ன, அதற்கு மேலும் இருந்தது. எதிர்ப்பவர்களை அவைக்கு வரவிடாமல் செய்துவிட்டால் எந்த விகிதமும் கிடைக்கும்.

1978இல் ஜனதா ஆட்சி கொண்டுவந்த 44ஆவது திருத்தம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. சட்டம் எழுதுவோர் எல்லாரும் பார்க்க வேண்டிய வேலைப்பாடு அது. அதற்கு முன் நெருக்கடி நிலை அறிவிப்புக்கு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். இனிமேல் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக. ஆனால் நெருக்கடி நிலையை விலக்கிக்கொள்ள? மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் 14 நாட்களுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். உள்ளே போகும் வாசல் குறுகலாகவும் வெளியே வரும் வாசல் அகலமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த விதி 1975இல் இருந்திருந்தாலும் அன்றைய அவையின் பலத்தில் ஒப்புதல் கிடைத்தே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைப் போன்ற பலம் எல்லா அரசுக்கும் வாய்ப்பதில்லை.

எதிர்வாதத்தின் வலு

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் மூன்றில் இரண்டு என்று வைத்துவிடலாமே" என்று கேட்பவர்கள் அமெரிக்க செனட்டைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே தனி வாக்கெடுப்பு வேண்டும். இன்று அதற்கு 100 பேரில் 60 பேர் தேவை. 1960களில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. தெற்கு மாநிலங்களின் செனட்டர்கள் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சட்டங்களைப் பல பத்தாண்டுகள் தடுத்தார்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்மீது வாரக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜூன் 10 அன்று 71க்கு 29 என்று விவாதம் முடித்துவைக்கப்பட்ட பிறகுதான் சட்டத்துக்கு வழி பிறந்தது.

மூன்றில் இரண்டு என்ற விதி சிறுபான்மையைக் காக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்த விதி உண்மையில் காப்பது, ஏற்கெனவே இருக்கும் நிலையை. இருக்கும் நிலை நியாயமானது என்றால் எளியவர்கள் காக்கப்படுவார்கள். இருக்கும் நிலையே அநியாயம் என்றால், அந்த அநியாயத்தால் லாபம் பார்ப்பவர்கள் காக்கப்படுவார்கள். அவையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய ஒரு கூட்டம் கையில் தடை அதிகாரத்தை வைத்துக்கொண்டு, நில உச்சவரம்பையும் இட ஒதுக்கீட்டையும் குறைந்தபட்சக் கூலியையும் தடுத்துக்கொண்டிருந்தால் அதை மக்களாட்சி என்று எப்படிச் சொல்வது?

ஆட்சிக்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. நாட்டில் பெரும்பாலான நாட்கள் அரசே இருக்காது, பட்ஜெட் நிறைவேறாது, அரசு ஊழியருக்குச் சம்பளம் போகாது.

இன்னொரு பலவீனமும் உண்டு. மூன்றில் இரண்டு என்ற விதியைச் சாதாரணச் சட்டத்தில் எழுதிவைத்தால் அது நிற்காது. பிரிட்டன் 2011இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பிரதமர் நினைத்தபோது தேர்தல் வைக்க முடியாது, முன்கூட்டியே தேர்தல் வேண்டுமென்றால் 650 பேரில் 434 பேர் ஆதரிக்க வேண்டும். 2019இல் போரிஸ் ஜான்சன் மூன்று முறை கேட்டுத் தோற்றார். மறுநாளே, "இந்த ஒரு தடவைக்கு மட்டும்" என்று தேர்தல் தேதியைக் குறித்து ஒரு புதிய மசோதாவைக் கொண்டுவந்தார். புதிய சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதுமல்லவா? 438க்கு 20 என்று எளிதாக நிறைவேறியது. எழுத்துவடிவில் ஒரே அரசியல் சட்டம் இல்லாத பிரிட்டனில் ஒரு நாடாளுமன்றம் போட்ட முடிச்சை அதே நாடாளுமன்றம் அவிழ்த்துவிட முடியும்.

இலங்கை காட்டுவது

இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையைத்தான் பார்க்க வேண்டும். தமிழர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் பாடமாக இல்லாமல் போனதும் அங்கேதான்.

சுதந்திரத்தின்போது இலங்கைக்குக் கிடைத்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆவது பிரிவு இருந்தது. ஒரு இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது அது. அரசியலமைப்பைத் திருத்த, மக்கள் பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றும் சொன்னது. படித்துப் பார்த்தால் சிறுபான்மையினருக்கு இதைவிட உறுதியான பாதுகாப்பு வேண்டுமா என்று தோன்றும்.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் பல இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போயிற்று. இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படவில்லை. யாருடைய பெயரையும் இனத்தையும் சொல்லாமல், தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று மட்டும் கேட்கும் சாதாரணச் சட்டமாக அது எழுதப்பட்டிருந்தது. அப்போது இலங்கை வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் 66க்கு 29 என்று நிறைவேறியது. அப்போது சபையில் மொத்தம் 101 இடங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 68. ஒரு நாட்டின் அரசு அலுவலகங்களிலிருந்து ஒரு மொழியை வெளியேற்றிய சட்டம், அரசியலமைப்பைத் திருத்துவதற்கான அளவை எட்டவே இல்லை. எட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை, ஏனென்றால் அதுவும் சாதாரணச் சட்டம்தான்.

வாசல் கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்ததுபோல் ஆயிற்று. எந்த முடிவுகள் ஒரு மக்களின் வாழ்வைப் புரட்டிப் போட்டனவோ அவை பூட்டு இல்லாத வழியாக உள்ளே வந்தன.

பிறகு பூட்டும் போனது. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களைப் பிடித்தது. 1971இல் இரண்டாவது அவையான செனட் ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29ஆவது பிரிவு அதில் இல்லை. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீத வாக்குகளோடு 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. ஆறில் ஐந்து பங்கு! 1978இல் அவர் தமக்கேற்ற அரசியலமைப்பை எழுதிக்கொண்டார். 1982இல், தேர்தல் நடத்தாமலே அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டித்துக்கொண்டார். தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றில் இரண்டு பங்கு என்ற விதி பல மனங்களை இணங்கவைப்பதற்காக வைத்தது. அந்தக் கடிதங்கள் கையில் இருக்கும்போது இணங்கவைக்க அங்கே ஒரு மனம்தான் மிச்சம். ஆயுளை நீட்ட மக்கள் வாக்கெடுப்பும் கட்டாயமாக இருந்தது. அந்த டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 54.66 சதவீதம் பேர் சம்மதித்ததாக அறிவிக்கப்பட்டது.

1983 கறுப்பு ஜூலை நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த புகை அடங்கவில்லை. ஆகஸ்டில் அதே பெரும்பான்மை ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாடு கேட்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்காதவர்கள் உறுப்பினர் பதவியை இழப்பார்கள் என்றது அது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் எடுக்க மறுத்துப் பதவி இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். சிறுபான்மையைக் காக்க வேண்டிய விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டே சிறுபான்மையின் பிரதிநிதிகள் அவையிலிருந்து அகற்றப்பட்டார்கள்.

விகிதாசாரத் தேர்தல் முறை வந்தபின் எந்தக் கட்சிக்கும் தனியே மூன்றில் இரண்டு கிடைப்பது அரிதாயிற்று. ஆனாலும் 2010இல் 18ஆவது திருத்தம் 161க்கு 17 என்று நிறைவேறி ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் 212 வாக்குகளோடு அந்த வரம்பைத் திரும்பக் கொண்டுவந்து ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது. 2020இல் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று அதிகாரத்தைத் திரும்பக் கொடுத்தது. 2022இல் 21ஆவது திருத்தம் 179 வாக்குகளோடு மறுபடி குறைத்தது. எதிரெதிர்த் திசையில் போன இந்தத் திருத்தங்களுக்கு ஒரே உறுப்பினர்கள் பலர் மாறி மாறிக் கை தூக்கினார்கள்.

எண்ணிக்கைக்குப் பின்னால்

மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் என்று பொருளல்ல. தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் 1984இல் காங்கிரஸ் பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் மக்களவையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பிடித்தது. இந்தியாவில் இதைச் சற்றேனும் சமன்செய்வது மாநிலங்களவை. அது ஒரே தேர்தலில் ஒரே அலையில் நிரம்புவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாறுகிறது. மாநிலக் கட்சிகளுக்கு அங்கே எடை உண்டு. மன்னர் மானிய மசோதா தடுக்கி விழுந்தது மாநிலங்களவையில்தான் என்பது தற்செயல் அல்ல.

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறொரு விதத்தில் கணக்கை மாற்றியது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால் மனசாட்சிப்படி வாக்களிப்பதையும் அதுவே தடுக்கிறது. இன்று மூன்றில் இரண்டு பங்கு வருமா வராதா என்பது எத்தனை கட்சித் தலைவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள் என்ற கணக்கு. எத்தனை உறுப்பினர்கள் விவாதத்தைக் கேட்டு மனம் மாறினார்கள் என்பதல்ல. 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129ஆவது திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானபோது 269 பேர் ஆதரித்தார்கள், 198 பேர் எதிர்த்தார்கள். அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அது தேறியது. வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 312. நிறைவேற்றும் நாளில் இதே வாக்குகள் விழுந்தால் மசோதா தோற்கும்.

மூன்றில் இரண்டு பங்கே கிடைத்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தப் பெரும்பான்மையும் தொடக் கூடாது. 13 நீதிபதிகளில் 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். இந்தியக் குடியரசின் கடைசி அரண் ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் எழுந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

சரி, எந்த முடிவுக்கு எது? பட்ஜெட், வரி, நலத்திட்டம், பொருளாதாரக் கொள்கை, ஆட்சி மாற்றம் எல்லாவற்றுக்கும் சாதாரணப் பெரும்பான்மையே சரி. தவறு செய்தால் அடுத்த தேர்தலில் மக்கள் திருத்திக்கொள்வார்கள். அந்தத் தேர்தலையே பாதிக்கும் முடிவுகள் வேறு இனம். அவையின் ஆயுளை நீட்டுவது, ஓட்டுரிமையைப் பறிப்பது, குடியுரிமையை எடுப்பது, நெருக்கடி நிலை, ஒரு மாநிலத்தை உடைப்பது அல்லது தரம் இறக்குவது: இவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்ள முடியாது, சிலருக்கு அடுத்த தேர்தலே இருக்காது. மலையகத் தமிழர்களுக்கு நடந்தது அதுதான். உரிமையைக் கொடுப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மையும் எடுப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கும் என்று 44ஆவது திருத்தம் காட்டிய வழியில் எழுதுவதே சரியென்று நினைக்கிறேன்.

இந்தியாவில் நான் முதலில் மாற்றக் கேட்பது 3ஆவது பிரிவைத்தான். ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ ஒன்றியப் பிரதேசமாக்கவோ இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை, அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம், அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி நடக்கும்போது இந்த வேலை கூடவே கூடாது என்ற தடை, குரல் வாக்கெடுப்புக்கு இடமின்மை: இந்த நான்கும் அதில் ஏற வேண்டும். அதற்கு 3ஆவது, 4ஆவது பிரிவுகளைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு 368ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.